கம்பியில் கோத்த மாட்டுக்கறியும் குடைமிளகாயும்

என் மகள் ஒரு கம்பி நிறையத் தின்று முடித்துவிட்டு, “இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்டாள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். எனக்கோ அதை நினைத்தால் இப்போதும் இருப்புக் கொள்ளவில்லை. அதற்கு முன்பு பல வாரங்களாக அவள் எதையும் இன்னொரு முறை கேட்டதில்லை. தட்டில் போட்டதை விரலால் ஓரமாக ஒதுக்குவாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் ஒரு வாய் விழுங்குவாள். அவ்வளவுதான்.

நாங்கள் தேவிகுளத்தை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் ஃபாக்டரி ஆபீசில் வேலை பார்க்கிறேன். என் கணவர் சுற்றுலா வருகிறவர்களை ஜீப்பில் மலைமேல் கூட்டிப்போய், கூடாரத்தில் தங்கவைத்து, மறுநாள் இறக்கிக் கொண்டுவருவார். ஒரே பெண். பிளஸ் டூ முடித்து, பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சந்தோஷத்தில், தோட்டத்துக்காரர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் முழுக்க லட்டு கொடுத்தேன்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் காலை. லைனிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் கல்படிகளில் அவள் முன்னே போனாள், நான் பின்னே குடை பிடித்துக்கொண்டு வந்தேன். பாதிப் படியில் நின்றாள். “யம்மா, கண்ணு இருட்டுது” என்றாள். திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. துணி நழுவி விழுவதுபோல் மடிந்து, படிகளில் சறுக்கி, கீழே ஒரு தேயிலைச் செடியில் முட்டி நின்றாள். நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அவளுடைய உதடு மட்டும் நினைவிருக்கிறது. அதில் நிறமே இல்லை. பிசைந்துவைத்த மைதா மாவு மாதிரி இருந்தது. இன்றைக்கும் ஆபீசில் யாராவது ஃபைலைக் கீழே போட்டால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. ரத்தத்தில் இரும்பு குறைந்துபோயிருக்கிறது என்றார். மாதவிலக்கு எப்படி, எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கேட்டார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். பூச்சி மாத்திரை ஒன்று, தினமும் இரும்பு மாத்திரை ஒன்று எழுதினார். பிறகு என்னைத் தனியாக நிறுத்தி, வார்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே படிக்கவேண்டிய படிப்பு இது, கல்லூரி திறப்பதற்குள் ரத்தம் ஏறாவிட்டால் நான் அனுப்பச் சொல்லமாட்டேன், ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்றார். மகள் அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டாள்.

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகுக் களி, பீட்ரூட் என்று நான் கையில் அகப்பட்டதையெல்லாம் அவள் வாயில் திணித்தேன். மாத்திரை தப்பவில்லை. அவளுக்குக் குமட்டல்தான் மிச்சம். அடுத்த சோதனையில் ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கி, சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் எங்களை அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தொடுபுழைப் பக்கத்துக்காரி. தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். நான் கொடுத்த கீரை, களி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் மகளைப் பார்த்து, “மோளே, மாத்திரை எதுகூட சாப்பிடுது?” என்றாள்.

“கட்டன்கூட” என்றாள் மகள்.

கட்டன் என்றால் பால் ஊற்றாத வெறும் டீ. எங்கள் தோட்டத்தில் பல் துலக்கியதும் கட்டன், வேலைக்குப் போகுமுன் கட்டன், சோறு தின்றதும் கட்டன், காய்ச்சல் வந்தால் இஞ்சி தட்டிப் போட்ட கட்டன். மாத்திரை விழுங்கத் தண்ணீர் எடுப்பவர்களை நான் இங்கே பார்த்ததே இல்லை. ஃபாக்டரித் தூளைப் போட்டு, சாயம் கறுக்கும்வரை கொதிக்கவிட்டுத்தான் குடிப்போம். நானே தினமும் விடியற்காலையில் மாத்திரையையும் டம்ளரையும் சேர்த்து அவள் கையில் கொடுத்துவந்தேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. டீயில் இருக்கிற துவர்ப்பு, மாத்திரையின் இரும்பையும் கீரையின் இரும்பையும் வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகவிடாது என்று விளக்கினாள். சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் ஒரு மணி நேரமாவது டீ கூடாது. மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர். பிறகுதான் இறைச்சிப் பேச்சை எடுத்தாள். கீரையின் இரும்பைவிட இறைச்சியின் இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். கோழியைவிட ஆட்டிலும் மாட்டிலும் அது கூடுதல். ரத்தத்துக்கு வேண்டிய இன்னொரு வைட்டமின், பி பன்னிரண்டு என்று நம்பர் போட்டுச் சொல்வார்களே, அது, துத்தநாகம், புரதம் எல்லாம் ஒரே துண்டில் இருக்கிறது. கூடவே குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்தால் அவற்றிலுள்ள வைட்டமின் சி, காய்களின் இரும்பையும் உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். எண்ணெயில் பொரிக்கவேண்டாம், கனலில் சுட்டாலே போதும், கரிந்த பாகத்தை வெட்டிப் போட்டுவிடுங்கள், தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று தடவை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சேச்சி, நிங்கள் வீட்டில் பீஃப் உண்டோ?” என்றாள்.

எங்கள் வீட்டில் உண்டோ என்றா கேட்கிறாள்? எங்களுக்குப் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். கோழியும் ஆடும் சமைக்கவே சட்டி, கரண்டி என்று தனி ஏனம் வைத்திருக்கிறோம். அது அடுக்களைக்குள் வராது. பின்புறக் கூரை இறவாணத்தில் ஆணியில் தொங்கும். வெள்ளி, செவ்வாய் அதைத் தொடக்கூட மாட்டேன். மாட்டுக்கறி என்ற சொல்லையே அடுக்களையில் யாரும் உச்சரித்ததில்லை. இத்தனைக்கும் கடைவீதியில் டீக்கடைக்கு டீக்கடை பரோட்டாவும் பீஃபும்தான். மூக்கைப் பிடிக்காமலே கடந்துபோகப் பழகியிருந்தோம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜீப் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, “இங்க கிடைக்கது போத்துதான், எருமை. பசு இல்ல” என்றார். அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. தொடைக்கறி எலும்பில்லாமல் வாங்கவேண்டும், நாருக்குக் குறுக்கே வெட்டவேண்டும், நீளவாக்கில் வெட்டினால் ரப்பர் மாதிரி இழுக்கும், பப்பாளிக்காயை அரைத்துக் கொஞ்சம் தடவினால் மெத்தென்று ஆகும், ஆனால் கூடிவிட்டால் குழைந்து கம்பியில் நிற்காது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கேம்ப்ல கெஸ்டுக்கு நான்தானே சுட்டுக் குடுக்கேன்.”

“சுட்டுக் குடுக்கீங்க. குழைஞ்சா நிக்காது, இழுத்தா ரப்பர்ங்கிறதெல்லாம்?”

அவர் வாசலைப் பார்த்தார். “ருசி பாக்காம வெந்துட்டான்னு எப்படிச் சொல்லுதது?”

“எத்தன வருஷமா ருசி பாக்கீங்க?”

கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த மகள் அப்போதுதான் சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. முதலில் மூச்சு மாதிரி, பிறகு சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அதான் யப்பா கேம்ப்ல இருந்து வந்தா நேரா சோப்பு எடுத்துட்டு பைப்புக்குப் போவாரு. சுத்தக்காரர்னு நெனச்சேன்.” எனக்குக் கோபப்படவேண்டும் என்றுதான் இருந்தது. அவள் சிரிக்கிற சத்தத்தில் அது எங்கே போயிற்றோ.

சரி, வீட்டுக்கு வரட்டும், ஆனால் நம் ஏனம் எதிலும் படக்கூடாது, அடுப்பிலும் ஏறக்கூடாது என்றேன். இது எங்கே நடக்கப்போகிறது என்றுதான் உள்ளுக்குள் எண்ணினேன். ஏனம் இல்லாமல் எப்படிச் சமைப்பது? அவர் சிரித்தார். “ஏனம் எதுக்கு? கம்பி இருக்குல்லா.”

உண்மையில் அப்படித்தான் நடந்தது. குழம்பு என்றால் சட்டி வேண்டும், வறுவல் என்றால் வாணலி வேண்டும், மூடி வேண்டும், கழுவ இடம் வேண்டும். கம்பிக்கு எதுவுமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையிலேயே துண்டு போட்டு, கேம்ப் டப்பாவில் கொண்டுவந்தார். மிளகு, இஞ்சி, பூண்டு, உப்பு, துளி பப்பாளிக்காய் எல்லாம் அந்த டப்பாவிலேயே விழுந்தன. மிளகை மட்டும் நான் அம்மியில் வைத்துக் கொடுத்தேன். எட்ட நின்று கொட்டினேன். குடைமிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம் இவற்றை நறுக்கும் உரிமை எனக்கே. பின்புறத்தில் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே கேம்ப் அடுப்பை வைத்தார். நனையாமல் எடுத்துவைத்திருந்த கவாத்து விறகைப் போட்டார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழும் கிளைகள் அவை. எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் அடுக்கிவைத்திருப்போம். மழை தார்ப்பாயில் தடதடவென்று அடித்தது. விறகு எரிந்து அடங்கிக் கனலாகும்வரை அவர் கறியை மேலே வைக்கவே விடவில்லை. தீ நாக்கு பட்டால் வெளியே கரியும், உள்ளே பச்சையாக இருக்கும் என்றார்.

ஒரு துண்டு கறி, ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, மறுபடி கறி. மகளையே கோக்கச் சொன்னார். அவள் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கோத்தாள். கொழுப்பு உருகி வெங்காயத்தில் இறங்கி, கனலில் சொட்டி, சுர்ரென்று புகை வந்தது. நான் பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தேன். லைன் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான். வாசனைக்கு அந்தச் சுவரும் கிடையாது.

நினைத்தபடியே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். அவர்கள் கிறிஸ்தவர்கள். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் அடுப்பையும் அவருடைய கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் எங்க வீட்டு அடுப்புல ஏதோ வச்சுட்டு மறந்துட்டேனோன்னு ஓடி வாரேன்” என்றாள். “உங்க வீட்டுலயா? நான் கண்ணாடியப் போட்டுட்டு வந்து மறுபடி பாக்கட்டா?”

பிள்ளைக்கு ரத்தம் இல்லை, டாக்டர் சொன்னது என்று நான் தடுமாறினேன். அவள் முகம் மாறியது. படிக்கட்டில் மகள் விழுந்த அன்று முதலில் ஓடிவந்து தூக்கியவள் அவள்தான். உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்துடன் வந்தாள். “எறக்கினதும் இதப் பிழிஞ்சு விடுங்க அண்ணே. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் தேங்காக்கொத்து போட்ட பீஃப் வேணும்னா, ஏனத்தோட வேலிக்கு மேல குடுக்கேன். ஏனத்தக் கழுவித் தரவேண்டாம்.” கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாக்குமட்டைத் தட்டில் கம்பியை உருவி வைத்ததும் மகள் ஒரு துண்டை எடுத்தாள். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குமட்டுவாளோ, துப்புவாளோ என்று கையில் ஒரு துணியோடு நின்றேன். அவள் மென்றாள். நெடுநேரம் மென்றாள். தக்காளியைத் தொட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். பிறகுதான் முதலில் எழுதிய கேள்வி வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய் எதற்கென்று தெரியாமல் டப்பாக்களைத் திறந்து மூடினேன்.

இன்றுவரை நான் அந்த இறைச்சியைத் தொட்டதில்லை. ஆனால் கொழுப்பு சொட்டிய வெங்காயத்தையும், ஓரம் கருகி இனித்துப்போன குடைமிளகாயையும் அவள் தட்டில் மிச்சம் வைத்தபோது வீணாக்கக்கூடாது என்று தின்றேன். அடுத்த தடவை அவள் வைப்பதற்கு முன்பே கை நீட்டினேன். அவர் எனக்கென்று ஒரு கம்பியில் காய் மட்டும் கோத்து, அதைக் கறிக் கம்பிக்கு ஒட்டினாற்போல் வைத்துச் சுட்டார்.

மாட்டுக்கறியில் எங்கள் வீட்டில் சண்டை வரவில்லை. டீயில்தான் வந்தது. கறி தின்று முடித்ததும், மழையும் குளிரும், கையில் ஒரு கட்டன் இல்லாமல் எப்படி இருப்பது? மகள் கெஞ்சினாள். “யம்மா, அரை டம்ளர். சாயம் இல்லாம.” கறியின் இரும்பை டீ அவ்வளவாக ஒன்றும் செய்யாது என்று அந்த ஆலோசனைப் பெண்ணே சொன்னதாக வாதாடினாள். அது நிஜம்தான், சொன்னாள். ஆனால் கூடவே தின்ற காய்க்கும் மாத்திரைக்கும் என்ன பதில்? நான் அசையவில்லை. அவள் குடிக்கக்கூடாது என்றால் அவளெதிரே நாங்களும் குடிக்கக்கூடாதல்லவா? முதல் வாரம் அவர் கட்டனை ஜீப்பில் உட்கார்ந்து குடித்தார். நான் ஆபீசில் போய்க் குடித்தேன். தலைவலி, கடுகடுப்பு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு மணி நேரம். கடிகாரத்தின் முள்ளை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். நேரம் ஆனதும் யார் முதலில் எழுந்து தண்ணீர் வைப்பது என்று ஓட்டப்பந்தயம். ஒருநாள் மகள் என்னை முந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஓடினாள்! ஓட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு அன்றைக்கு டீயே தேவைப்படவில்லை.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. முதலில் நகத்தில். நான் தினமும் பிடித்துப் பார்ப்பேன், அவள் கையை இழுத்துக்கொள்வாள். பிறகு ரோட்டிலிருந்து படியேறி வந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள், மூச்சுக்காக நிறுத்தவில்லை. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவளின் காது மடல் சிவந்திருந்தது. அதை அவரிடம் காட்டினேன். ‘ஜீப் பின்விளக்கு மாதிரி இருக்கு’ என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஓரளவு வந்தது.

சோதனை நாளன்று நான் வராந்தாவில் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து ஆய்வகப் பெண் எனக்குத்தான் முதலில் நாற்காலி போட்டாள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார், “போகலாம்” என்றார். இன்னும் முழுசாக ஏறவில்லை, மாத்திரையை விடாதே, மூன்று மாதம் கழித்துக் கல்லூரி ஊரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டு என்றார். எதனால் ஏறியது என்று கேட்டேன். டீயில்லாத மாத்திரையா, கறியா, காயா? எல்லாம்தான், பிரித்துச் சொல்லமுடியாது என்று சிரித்தார். எனக்குப் பிரிக்கவும் வேண்டாம். மகள் கண்ணை மூடிக்கொண்டு, “போகலாம்னாங்கல்ல? போகலாம்னாங்கல்ல?” என்று அப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் கொண்டுவிடும் நாளில் மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி சுற்றி, கோவிந்தாபுரம் வழியாக மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தோம். மலையில் கம்பளி போட்டுப் புறப்பட்டவர்கள், முதலமடை மாந்தோப்புகளுக்கு நடுவே வெயிலில் வியர்த்து வழிந்தோம். எனக்கு வழியெல்லாம் ஒரே யோசனை. அங்கே என்ன போடுவார்கள்? யார் பார்ப்பார்கள்? டீயைச் சோற்றோடு வைத்துவிடுவார்களோ? விடுதிக்காரம்மாவிடம் சொல்லவேண்டியதை மலையாளத்தில் மனதுக்குள் கோத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் விழுந்த கதை, பிறகு ரத்தம், பிறகு மெல்ல பீஃப். எங்களைப் பார்த்தால் கேட்கிற ஆட்கள் மாதிரி இருக்காது. அவர் நெற்றியில் திருநீறு, என் நெற்றியில் குங்குமம்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய பாத்திரங்களில் சோறு வெந்துகொண்டிருந்தது. விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்பாகவே சொன்னார். வியாழக்கிழமை பீஃப், ஆனால் கவலைப்படவேண்டாம், கிழக்கன் பிள்ளைகளுக்கு, தமிழர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், தனியாக முட்டை உண்டு, பாத்திரமும் வேறே. இங்கே பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், யாரும் அதைத் தொடுவதில்லை.

நான் தொண்டையைச் செருமினேன். கோத்துவைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. விழுந்த இடத்திலிருந்து தொடங்கவா, டாக்டரிடமிருந்து தொடங்கவா?

மகள் பையைத் தரையில் வைத்தாள்.

“எனிக்கு முட்டை வேண்டா சேச்சி. பீஃப் மதி” என்றாள், தெளிவான மலையாளத்தில். “சாயா மாத்ரம் ஒரு மணிக்கூர் கழிஞ்ஞு.” பீஃபே போதும், டீ மட்டும் ஒரு மணி நேரம் கழித்து.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இப்படி வேகமாக நான் எதற்கும் தலையாட்டியதில்லை.

“சரி யம்மா, நீங்க கெளம்புங்க” என்றாள் மகள். “மலை ஏறதுக்குள்ள இருட்டிரும்.” பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் ஏறிய பெண்ணிடம் ஏதோ கேட்டுக்கொண்டே, நிற்காமல் மேலே போனாள்.